ஏரிக்கரையில் முதல் எண்ணிக்கை: நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

கணக்கெடுப்புக்கு முதல் முறை வருகிறவர்கள் கரையில் ஏறியதும் கேட்பது ஒன்றுதான்: "எனக்குப் பறவை பேரே தெரியாதே, நான் எப்படி எண்ணுவது?" பேர் நாலைந்து காலைகளில் வந்துவிடும். கஷ்டம் அதில் இல்லை. எதைப் பார்த்தோம், எதைத் தேடியும் காணவில்லை, எந்தப் பக்கம் பார்க்கவே இல்லை என்று மூன்றையும் பிரித்து எழுதுவதுதான் கஷ்டம். இந்த மூன்றும் கலந்துவிட்டால் நீங்கள் எடுத்த கணக்கு யாருக்கும் உதவாது.

இதை நான் ஏரியில் கற்றுக்கொள்ளவில்லை, வேலையில் கற்றேன். இதய அறுவை சிகிச்சைத் துறையில் பதிவேடு பார்ப்பது என் வேலை. பைபாஸ் முடிந்து வீட்டுக்குப் போனவர்களை 30 நாள் கழித்தும் ஓராண்டு கழித்தும் போனில் அழைத்து, எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். சிலர் எடுக்க மாட்டார்கள். சிலருக்கு நம்பர் மாறியிருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தக் கட்டங்களைக் காலியாக விட்டேன். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தபோது காலிக் கட்டமெல்லாம் 'நலம்' கணக்கில் போய்ச் சேர்ந்திருந்தது. மூத்த மருத்துவர் தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "போன் எடுக்காதவர் நல்லா இருக்கார்னு உனக்கு யாரும்மா சொன்னது?"

கோரைப் புதருக்குப் பின்னால் இருக்கும் வாத்துகளுக்கும் அதே கேள்விதான். செங்கல்பட்டுப் பக்கம் ஓர் ஏரியில் பல ஜனவரிகளாக எண்ணிவருகிறேன். அதை வைத்து, புதிதாக வருகிறவர்கள் எதை எந்த வரிசையில் செய்யலாம் என்று எழுதுகிறேன்.

இந்தக் கணக்கு எங்கே போகிறது

உலக அளவில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1967இல் தொடங்கியது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987இல் இந்தியத் துணைக்கண்டத்தில் ஆரம்பித்து மற்ற நாடுகளுக்குப் பரவியது. ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கும். வலசை வந்த பறவைகள் அந்த மாதம் ஓரளவு ஓரிடத்தில் நிலைத்திருக்கும் என்பதுதான் காரணம். நம் ஊரில் அது பொங்கலை ஒட்டி வருகிறது. காணும் பொங்கல் அன்று மட்டும் எண்ணப் போகாதீர்கள். கரை முழுக்கக் கூட்டம் இருக்கும், பறவை ஒன்றும் இருந்த இடத்தில் இருக்காது.

எண்ணுக்கு என்ன மதிப்பு என்று கேட்பவர்களுக்கு ராம்சார் விதிகளைச் சொல்வேன். நீர்நிலைகளைக் காக்க 1971இல் ஈரானின் ராம்சார் நகரில் கையெழுத்தான ஒப்பந்தம் அது. ஒரு நீர்நிலையில் வழக்கமாக 20,000 நீர்ப்பறவைகளோ, ஓர் இனத்தின் மொத்தத் தொகையில் நூற்றுக்கு ஒரு பங்கோ இருந்தால், அதை உலக முக்கியத்துவம் வாய்ந்த இடமாக அறிவிக்க அதுவே ஒரு தகுதி. யாராவது கரையில் நின்று எண்ணியிருந்தால்தானே அது தெரியும்? கோடியக்கரை 2002இல் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. அதன்பின் இருபது ஆண்டுகள் தமிழ்நாட்டிலிருந்து வேறு எதுவும் சேரவில்லை. 2022இல் கூந்தன்குளம், வேடந்தாங்கல், கரிக்கிலி, பள்ளிக்கரணை, வடுவூர் என்று வரிசையாகச் சேர்ந்தன. இன்று 20 இருக்கின்றன.

வீட்டில் செய்ய வேண்டியது: அரிசிப் பயிற்சி

கரைக்கு வருவதற்கு ஒரு வாரம் முன்பே இதைத் தொடங்குங்கள். ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தட்டில் வீசுங்கள். மூன்று விநாடி பார்த்துவிட்டு எத்தனை என்று மனத்தில் தோன்றுவதைத் தாளில் எழுதுங்கள். அப்புறம் ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். முதல் நாள் அநேகமாக எல்லோரும் குறைத்துத்தான் சொல்வார்கள், கூட்டம் பெரிதாகப் பெரிதாக இன்னும் குறையும்.

இப்போது முறையை மாற்றுங்கள். பத்து அரிசியை மட்டும் தனியாக எண்ணி, பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று நன்றாகப் பாருங்கள். அந்தப் 'பத்தை' கண்ணிலேயே வைத்துக்கொண்டு, தட்டில் அப்படி எத்தனை பத்து அடங்குகிறது என்று நகர்த்திப் பாருங்கள். பத்து பழகியதும் ஐம்பது, பிறகு நூறு. ஓரத்தில் சிதறியிருப்பவற்றை வைத்து அளவு பிடிக்காதீர்கள். நடுவில் நெருக்கமாக இருக்கும், அங்கே ஒரு பத்து பிடிக்கும் இடம் சிறியது. நான்கைந்து மாலை இதைச் செய்தவர் கரைக்கு வந்ததும் தெரிந்துவிடும். எண்ணூறு வாத்து இருக்கும் இடத்தில் "ஒரு முந்நூறு இருக்கும்" என்று சொல்ல மாட்டார்.

கருவிகள் அதிகம் வேண்டாம். 8×42 பைனாகுலர் ஒன்று போதும். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். 12 மடங்கு, 20 மடங்கு என்று வாங்காதீர்கள். கை நடுக்கத்தையும் அது 20 மடங்காகக் காட்டும். பெரிய ஏரி என்றால் முக்காலியில் வைக்கும் தொலைநோக்கி வேண்டும், அதைக் குழுவில் ஒருவர் வைத்திருந்தால் போதும். பேனா வேண்டாம், பென்சில் எடுத்து வாருங்கள். மார்கழி, தைப் பனியில் தாள் நனைந்தால் பேனா மை ஊறிவிடும்.

முடிந்தால் முந்தின நாளே ஒரு தடவை கரையைச் சுற்றி நடந்து, ஏரியை நாலைந்து துண்டாகப் பிரித்துவிடுங்கள். மதகு முதல் ஒற்றைப் பனை வரை, பனை முதல் ஐயனார் கோயில் வரை, கோயில் முதல் கலிங்கல் (உபரி நீர் வழியும் கட்டு) வரை என்று, மறுநாள் மூடுபனியிலும் அடையாளம் தெரியும் பொருள்களை எல்லையாக வையுங்கள்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய பறவைகள்

ஏரியில் ஐம்பது வகை இருக்கலாம். முதல் ஆண்டுக்கு ஒரு டஜன் போதும். அளவிலும் நடத்தையிலும் தொடங்குங்கள், நிறத்துக்கு அப்புறம் வரலாம். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்புதான்.

தண்ணீரில் மிதக்கும் கறுப்பு உருவம், நெற்றியில் வெள்ளைப் பட்டை: நாமக்கோழி. பேரே அடையாளம். பயந்தால் சட்டென்று பறக்காது, தண்ணீர்மேல் கால் பதித்து ஓடி ஓடித்தான் எழும்பும். புதியவர்கள் இதை வாத்துக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். இது வாத்தே இல்லை, தாழைக்கோழிக்கு உறவு.

கைக்குள் அடங்கும் அளவில் பழுப்பாக ஒன்று மிதந்து, நீங்கள் பைனாகுலரைத் தூக்குவதற்குள் மறைந்தால் அது முக்குளிப்பான். எங்கே மூழ்கியதோ அங்கே எழும்பாது. கழுத்து மட்டும் பாம்புபோல் வெளியே நீண்டிருந்தால் பாம்புத்தாரா. அதைவிடக் குட்டையாக, கறுப்பாக, கூட்டமாக மீன் பிடிப்பவை நீர்க்காகங்கள். தாமரை இலைமேல் நடப்பது இலைக்கோழி. அலகு மூடியும் நடுவில் இடைவெளி தெரிந்தால் நத்தைகுத்தி நாரை. வளைந்த அலகு அரிவாள் மூக்கன், தட்டையான கரண்டி போன்ற அலகு கரண்டிவாயன், பை தொங்கும் பெரிய அலகு கூழைக்கடா. இவற்றில் தவறு வராது.

வாத்துகளில் நிதானம் வேண்டும். ஆண்டு முழுக்க இங்கேயே இருப்பது புள்ளிமூக்கு வாத்து. அலகின் நுனியில் மஞ்சள், அடியில் இரண்டு சிவப்புப் புள்ளிகள். சீழ்க்கைச்சிறகியும் நம் ஊர்ப் பறவைதான், பறக்கும்போது விசில் அடிக்கும். வடக்கிலிருந்து வருபவற்றில் ஊசிவால் வாத்தின் ஆணுக்குச் சாக்லேட் நிறத் தலை, நீண்ட கழுத்து, கூர்மையான வால். நீலச்சிறகியின் ஆணுக்குப் புருவம்போல் ஒரு வெள்ளைக் கோடு. தட்டைவாயன் வாத்தை ஒரு தடவை நின்று நிதானமாகப் பாருங்கள். அதன் அலகு நுனியில் அகன்று மண்வெட்டிபோல் இருக்கும். நாலைந்து சேர்ந்து, ஒன்றன் வாலுக்குப் பின்னால் இன்னொன்று தலையை வைத்து, தண்ணீரில் வட்டமாகச் சுற்றும். முன்னால் போவது காலால் கலக்கிவிடுவதைப் பின்னால் வருவது சலித்துத் தின்னும். அலகின் ஓரத்தில் சீப்புப் பற்கள்போல் வரிசையாக இருக்கும், தண்ணீர் வெளியே போகும், சிற்றுயிர்கள் உள்ளே தங்கும். இதைப் பார்த்த புதியவர்கள் எண்ணுவதை மறந்துவிடுவார்கள். மறக்கட்டும், ஐந்து நிமிடம் கழித்து எண்ணலாம்.

பெண் வாத்துகள் எல்லாம் பழுப்புப் புள்ளிகளோடு ஒரே மாதிரி தெரியும். தெரியாவிட்டால் "வாத்து, இனம் தெரியவில்லை, 140" என்று எழுதுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பக்கத்தில் ஊசிவால் இருக்கிறதே, இதுவும் அதுவாகத்தான் இருக்கும் என்று ஊகித்து எழுதிய 140தான் கெடுதல். பின்னால் வருகிறவருக்கு எது கண்ணால் கண்டது, எது ஊகம் என்று பிரிக்க வழியே இருக்காது.

கரையில்

காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடிப்பது நல்லது. அதற்குப்பின் வெயில் ஏறித் தண்ணீர்மேல் காட்சி நடுங்கும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி கிழக்குக் கரையிலிருந்து தொடங்குங்கள். வாத்துகளில் பல இரவில் வயல்களில் மேய்ந்துவிட்டுப் பகலில் ஏரிக்கு வந்து ஓய்வெடுப்பவை, அதனால் அசையாமல் கூட்டமாக இருக்கும். நமக்கு அது வசதி.

போன உடனே எண்ணாதீர்கள். பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். நீங்கள் வந்த அரவத்தில் நகர்ந்தவை திரும்ப அமரட்டும். பெரியவர் ஒருவர் எங்கள் ஏரியில் வலை போடுகிறார். முதல் ஆண்டு நான் அவசரமாகக் கரையில் நடப்பதைப் பார்த்துச் சொன்னார்: "ஏம்மா இப்படி ஓடுற? நீ நின்னா அது நிக்கும்." இதைவிட நல்ல பாடம் எனக்கு யாரும் சொல்லவில்லை. மீன் பிடிப்பவர்களிடமும் மாடு மேய்ப்பவர்களிடமும் பேசுங்கள். எந்தக் கூட்டம் எந்த மூலையில் எப்போது இறங்கும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு துண்டை எடுத்துக்கொண்டு இடமிருந்து வலமாக ஒரே சீராகப் பார்த்துப் போங்கள். முதலில் பெரிய கூட்டங்கள். அவை பறந்துவிட்டால் திரும்பக் கிடைக்காது. அப்புறம் ஒற்றையாக இருப்பவை, கடைசியில் கரை ஓரத்து உள்ளான், வாலாட்டி, குளத்துக்கொக்கு. முக்குளிப்பான், நீர்க்காகம் இருக்கும் பக்கத்தை இரண்டு தடவை பார்த்து, அதிகமாக வந்த எண்ணை எழுதுங்கள், ஒரு தடவையில் பாதி நீருக்குள் இருக்கும்.

இருவராகப் போவதுதான் சரி. ஒருவர் கண்ணை எடுக்காமல் எண்ணிச் சொல்ல, மற்றவர் எழுத வேண்டும். எழுதுபவருக்கு இன்னொரு வேலையும் உண்டு, பறப்பவற்றைக் கவனிப்பது. பருந்து ஒன்று தாழப் பறந்தாலே மொத்தக் கூட்டமும் எழும்பி அடுத்த துண்டில் போய் இறங்கும். நான் முதல் ஆண்டு சறுக்கியது இங்கேதான். மதகுப் பக்கம் எண்ணிய நீலச்சிறகிகள் பறந்துபோய்க் கோயில் பக்கம் இறங்கியதைக் கவனிக்காமல் அங்கேயும் எண்ணினேன். மறுநாள் இன்னொரு குழு எண்ணியபோது என் கணக்கில் பாதிதான் வந்தது. இப்போது யார் வந்தாலும் முதலில் சொல்வது இது: முன்னால் பறந்துபோன கூட்டத்தின் இனம், எண்ணிக்கை, நேரம், இறங்கிய இடம் நான்கையும் தாளின் ஓரத்தில் எழுதுங்கள். அந்த இடத்துக்குப் போனதும் கழித்துக்கொள்ளலாம்.

தண்ணீர் அளவை எழுதாமல் திரும்பாதீர்கள்

புதியவர்கள் எல்லோரும் விட்டுவிடுவது இதைத்தான். என் கணிப்பில் பறவை எண்ணிக்கைக்கு அடுத்தபடி இதுதான் முக்கியம்.

இரண்டு மருத்துவமனைகளில் இதய அறுவை சிகிச்சை நடக்கிறது, ஒன்றில் இறப்பு அதிகம் என்று வையுங்கள். அது மோசமான மருத்துவமனை என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. வயதானவர்களும் சிறுநீரகம் கெட்டவர்களும் இதயம் பம்பு செய்யும் சக்தி குறைந்தவர்களும் அங்கே அதிகம் வந்திருக்கலாம். அதனால்தான் இறப்பு எண்ணிக்கையோடு, வந்தபோது நோயாளி எந்த நிலையில் இருந்தார் என்பதையும் பதிந்து, அதற்கு ஏற்ப எதிர்பார்க்கும் அளவோடு ஒப்பிடுகிறோம். 1999இல் வந்த யூரோஸ்கோர் போன்ற மதிப்பெண் முறைகள் அதற்காகத்தான்.

அப்படி ஒப்பிடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் பிரிஸ்டல் ஓர் உதாரணம். அங்கே குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சையைப் பற்றிய பொது விசாரணை 2001இல் அறிக்கை தந்தது. 1991 முதல் 1995 வரை ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 30 முதல் 35 பேர், வழக்கமான ஒரு மையத்தில் எதிர்பார்க்கக்கூடியதைவிடக் கூடுதலாக இறந்திருக்கிறார்கள் என்று அது கண்டது. மயக்க மருந்து நிபுணர் ஸ்டீவ் போல்சின் தாமே கணக்கெடுத்துக் குரல் எழுப்பியிருந்தார். எண்கள் இல்லாமல் இல்லை. ஏராளமாக இருந்தன, அவற்றை ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுப்புத்தான் யாரிடமும் இல்லை. பதிவேட்டில் ஒரு கட்டத்தை நிரப்ப அலுப்பாக இருக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குழந்தைகளின் ஞாபகம் வரும்.

ஏரிக்குத் தண்ணீர் மட்டம்தான் அந்த நோயாளியின் நிலை. தட்டைவாயனும் ஊசிவாலும் தலையை நீருக்குள் விட்டு, பின்புறத்தை மேலே தூக்கி, எட்டும் ஆழத்தில் மேய்பவை. உள்ளான்களுக்குக் கணுக்கால் அளவுதான் வேண்டும். ஏரி நிரம்பினால் அவற்றுக்கு இரை எட்டாது, மூழ்கி மீன் பிடிப்பவற்றுக்குக் கொண்டாட்டம். 2021 நவம்பர் மழைக்குப் பிறகு வந்த ஜனவரியில் எங்கள் ஏரி கலிங்கல் வரை நிறைந்திருந்தது. முந்தைய ஆண்டு இருந்த வாத்துகளில் கால்வாசிகூட இல்லை. குழுவில் புதிதாக வந்த தம்பி ஒருவன் "அழிஞ்சுபோச்சாக்கா?" என்று கேட்டான். இரண்டு கிலோமீட்டர் தள்ளி, வழக்கமாக வறண்டு கிடக்கும் தாங்கலில் முழங்கால் தண்ணீர் நின்றது. வாத்துகள் அங்கே இருந்தன. தண்ணீர் அளவை எழுதாமல் வெறும் எண்ணை மட்டும் அனுப்பியிருந்தால், அது அழிவின் கணக்காகவே பதிவாகியிருக்கும்.

வேடந்தாங்கலும் கரிக்கிலியும் இதற்கு நல்ல பாடம். பக்கத்துப் பக்கத்து ஏரிகள்தான். வேடந்தாங்கலில் நீருக்குள் நிற்கும் கடம்ப மரங்கள் உண்டு, கூடு கட்டும் நாரையும் அரிவாள் மூக்கனும் அங்கே குவியும். கரிக்கிலியில் மரம் குறைவு, ஆழமும் குறைவு, வாத்துக்கு அதுதான் பிடிக்கும்.

மதகில் அளவுக்கல் இருந்தால் அதைப் படித்து எழுதுங்கள். இல்லாவிட்டால் ஆண்டுதோறும் ஒரே இடத்தில் நின்று ஒரு போட்டோ எடுங்கள், கூடவே முழுசாக நிறைந்தது, முக்கால், பாதி, கால், குட்டை என்று ஒரு சொல். வெங்காயத்தாமரை எவ்வளவு மூடியிருக்கிறது, மீன் வலை கட்டியிருக்கிறதா, கட்டடக் கழிவு கொட்டியிருக்கிறதா என்பதும் இதே வரியில் வரலாம்.

தாளில் மூன்று குறிகள்

நான் பழக்கப்படுத்துவது இது. பார்த்தால் எண். நன்றாகத் தேடியும் இல்லை என்றால் 0. அந்தப் பக்கம் பார்க்கவே முடியவில்லை என்றால் 'பா.இ.' (பார்க்க இயலவில்லை) என்று எழுதி, காரணத்தையும் சேர்த்துவிடுங்கள்: மூடுபனி, கோரை, சேறு, நாய்கள். எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். ஏரியே வறண்டு ஒரு பறவைகூட இல்லாவிட்டாலும் அந்தத் தாளையும் அனுப்புங்கள். "ஒன்றுமில்லை, அனுப்பி என்ன பயன்?" என்று நினைத்துப் பலர் அதை மடித்துப் பையில் வைத்துவிடுகிறார்கள். நல்ல ஆண்டுகள் மட்டும் பதிவாகிற ஏரி, பதிவில் எப்போதும் செழிப்பாகவே இருக்கும்.

தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்த தூரம், எத்தனை பேர் என்பதையும் எழுதுங்கள். ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றும்போது இவற்றைக் கேட்கும். அடையாளம் கண்ட எல்லாவற்றையும் பதிந்தீர்களா என்றும் கேட்கும். அபூர்வமானதை மட்டும் பொறுக்கி எழுதியிருந்தால் 'ஆம்' சொல்லாதீர்கள். காகமும் மைனாவும் சேர்த்து எழுதிய பட்டியல்தான் முழுப் பட்டியல். ஏற்றுவதை அன்றைக்கே முடித்துவிடுங்கள். மூன்று நாள் கழித்து உங்கள் கையெழுத்து உங்களுக்கே புரியாது.

கவனம்

படம் எடுக்க நெருங்கிப் போகாதீர்கள், ட்ரோன் பறக்கவிடாதீர்கள். வாத்து ஒவ்வொரு தடவை எழும்பும்போதும் திரும்பிப் போகும் பயணத்துக்குச் சேர்த்த கொழுப்பில் கொஞ்சம் செலவாகிறது. கூந்தன்குளத்திலும் கொள்ளுகுடிப்பட்டியிலும் ஊர்க்காரர்கள் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. நாம் ஒரு காலை குரலைத் தாழ்த்திப் பேசலாம்.

சேற்றில் இறங்காதீர்கள், மேலே காய்ந்து வெடித்திருந்தாலும் உள்ளே இடுப்பளவு இருக்கும். பாசி பிடித்த கலிங்கலில் நடக்காதீர்கள். செத்த பறவைகள் ஒன்றுக்கு மேல் கிடந்தால் தொடாமல், இடத்தைக் குறித்து, வனத்துறைக்கும் கால்நடைத் துறைக்கும் உடனே சொல்லுங்கள். 2019 நவம்பரில் ராஜஸ்தானின் சாம்பர் ஏரியில் பொட்டுலிசம் என்ற நச்சு நோயால் ஆயிரக்கணக்கான நீர்ப்பறவைகள் செத்தன. அங்கே அழுகிய உடல்களில் வளர்ந்த புழுவைத் தின்றவையும் செத்தன, அதனால் உடல்களை அகற்றுவதில் ஒவ்வொரு நாளும் முக்கியம்.

கரையை விட்டு இறங்குவதற்கு முன்பு ஒரு வேலை பாக்கி. கூட வந்தவரோடு அடுத்த தேதியை முடிவு செய்து, தாளின் அடியில் எழுதுங்கள். ஜனவரியில் ஒன்று, வாத்துகள் கிளம்புவதற்கு முன் பிப்ரவரிக் கடைசியில் ஒன்று. அதே மதகு, அதே பனை, அதே ஆறரை மணி.